மியாட்டாவில் ஷார்ட் ஷிஃப்டர் மாட்டுவது எப்படி?

மாஸ்டா எம்எக்ஸ்-5 மியாட்டாவின் முதல் இரண்டு தலைமுறைகளில், அதாவது 1989 முதல் 2005 வரை வந்த கார்களில், கியர் லீவர் கியர்பாக்ஸின் மேலேயே நேரடியாக உட்கார்ந்திருக்கிறது. இடையில் கேபிள் கிடையாது. அதனால் காரைத் தூக்காமல், சீட்டில் இருந்தபடியே லீவரை மாற்றிவிடலாம். கீழே உள்ளது ஐந்து கியர் வண்டிக்கான முறை.

ஷார்ட் ஷிஃப்டர் என்பது கியர் மாற்றக் கை நகரும் தூரத்தைக் குறைக்கும் மாற்று லீவர். அது செய்வது லீவர் திரும்பும் பந்துக்குக் கீழே உள்ள பகுதியை நீட்டுவது மட்டுமே. கணக்குக்கு, பந்துக்கு மேலே 200 மி.மீ., கீழே 40 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கீழ்ப்பகுதியை 50 மி.மீ. ஆக்கினால் கை நகரும் தூரம் 20 சதவீதம் குறையும். தள்ள வேண்டிய விசை 25 சதவீதம் கூடும். கியர் ஆயில் ஆறிக் கெட்டியாக இருக்கும் காலை நேரத்தில் இரண்டாவது கியர் இன்னும் இறுக்கமாகத் தெரிவது இதனால்தான். அப்போது அவசரப்படுத்தினால் அடி வாங்குவது சிங்க்ரோ, அதாவது கியர்களின் வேகத்தைச் சமன்படுத்தும் வளையம்.

லீவர் வாங்கும்போதே கீழ்முனையில் மாட்டும் நைலான் புஷ் என்ற வளையம், லீவரைச் சுற்றி மூடும் உள் ரப்பர் பூட், வெளி ரப்பர் பூட் மூன்றையும் புதிதாக வாங்குங்கள். பழைய மியாட்டாவில் லீவர் தொளதொளவென்று ஆடுவதற்குத் தேய்ந்த புஷ்ஷே பெரும்பாலும் காரணம். அதை விட்டுவிட்டு லீவரை மட்டும் மாற்றுவது வீண்செலவு. கூடவே 75W-90 ஜிஎல்-4 கியர் ஆயில் 100 மில்லி, கொஞ்சம் கிரீஸ், 10 மற்றும் 12 மி.மீ. சாக்கெட், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஒரு பெரிய சிரிஞ்சு, பஞ்சு உதிராத துணி.

வண்டி ஆறியிருக்கட்டும், எக்சாஸ்ட் சூடு சீட்டுகளுக்கு நடுவே கியர்பாக்ஸை மூடியிருக்கும் டனலில் ஏறி நிற்கும். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை முழுக்க இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும்.

கியர் குமிழை இடப்பக்கம் சுற்றிக் கழற்றுங்கள். அடுத்து லீவரைச் சுற்றியுள்ள நடு கன்சோலைக் கழற்ற வேண்டும். அதன் ஸ்க்ரூக்கள் ஆஷ்ட்ரேக்கு அடியிலும், பின்பக்க மூடிப் பெட்டிக்குள்ளும், முன்பக்கம் இருபுறமும் ஒளிந்திருக்கும். பவர் விண்டோ உள்ள வண்டியில் சுவிட்சின் கனெக்டரைப் பிரிக்காமல் கன்சோலைத் தூக்கினால் வயர் அறுந்துவிடும்.

இப்போது தெரிவது வெளி பூட். நான்கு போல்ட்டைக் கழற்றி அதை உருவுங்கள். அதன் கீழே உள் பூட்டும் தகடும் மூன்று போல்ட்டில் நிற்கும். அவற்றைத் தொடுவதற்கு முன் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்தெடுங்கள். இங்கே விழும் துகள் நேராக ஆயிலுக்குள் போகும். லீவரை நேர்மேலே தூக்கியவுடன் வாஷர், ஸ்பிரிங், பந்து உட்காரும் பிளாஸ்டிக் இருக்கை எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்று போட்டோ எடுத்துவிடுங்கள்.

அடுத்து வருவதுதான் பலர் கோட்டைவிடும் இடம். லீவர் நுனியில் நைலான் புஷ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது கீழே, லீவர் இறங்கும் குழியிலேயே தங்கிவிட்டது. நீள மூக்கு பிளையரால் எடுக்க வேண்டும். உடைந்திருந்தால் துண்டுகளைச் சேர்த்து வைத்து முழு வளையம் வருகிறதா என்று பாருங்கள். பழைய புஷ் மேலேயே புதியதைத் திணித்தால் லீவர் சரியாக இறங்காது.

குழியில் உள்ள கறுத்த ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டு, சுமார் 90 மில்லி புது ஆயில் ஊற்றுங்கள். ஐந்து கியர் பெட்டியில் இந்தக் குழிக்கென்று தனி ஆயில் உண்டு. கியர்பாக்ஸ் ஆயில் மாற்றும்போது இது மாறாது. வறண்டு கிடந்தால் உள் பூட் கிழிந்து ஆயில் வெளியேறியிருக்கலாம்.

பழைய லீவரையும் புதியதையும் பக்கத்தில் வைத்து வளைவு எந்தப் பக்கம் என்று ஒப்பிடுங்கள். பந்துக்கும் புஷ்ஷுக்கும் கிரீஸ் தடவி இறக்குங்கள். மூன்று போல்ட்டையும் முதலில் விரலால் சுற்றி, பிறகு மாறிமாறி இறுக்குங்கள். மரை அலுமினியத்தில் ஓடுகிறது. நீளக் கைப்பிடி போட்டு முறுக்கினால் பிய்ந்துவிடும்.

பூட்டுகளை மூடுவதற்கு முன், இன்ஜின் அணைந்த நிலையிலேயே கிளட்சை மிதித்து ரிவர்ஸ் உட்பட எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று பாதியில் நின்றால் லீவரின் கீழ்முனை அதன் இடத்தில் சரியாக உட்காரவில்லை; மறுபடி தூக்கி இறக்குங்கள். ஓட்டும்போது லீவர் கிடுகிடுத்தால் ஸ்பிரிங் வாஷர் விடுபட்டிருக்கும். மெல்லிய ரீங்காரம் மட்டும் கேட்டால் கவலை வேண்டாம்; ஒரே உலோகத் துண்டாக வரும் லீவர் கியர்பாக்ஸ் சத்தத்தைக் கைக்குக் கடத்தும். காலடியில் அனல் அடித்தால் வெளி பூட்டின் விளிம்பு எங்கேயோ மடங்கியிருக்கிறது, கன்சோலைத் திறந்து அதைச் சரிசெய்யுங்கள்.

வேறு குமிழ் வாங்குவதானால் 10 மி.மீ., 1.25 இடைவெளி மரை உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். சில ஷிஃப்டர்கள் வேறு மரையோடு வருவதால் பெட்டியில் எழுதியிருப்பதையும் பார்த்துவிடுங்கள்.