ஸ்காட்டிஷ் தொப்பியில இறகு குத்தலாமா? யாருக்கு எத்தன இறகு?

நேரா விஷயத்துக்கு வந்துடுறேன், பாதி பேருக்கு இது மட்டும்தான் வேணும். கிளான்னா ஸ்காட்டிஷ் குலம், அதோட தலைவரான சீஃபுக்கு மூணு இறகு, கிளானோட பெரிய கிளை ஒண்ணுக்கு தலைவரா இருக்குற சீஃப்டனுக்கு ரெண்டு, தன் பேர்ல கோட் ஆஃப் ஆர்ம்ஸ் (ஷீல்டு போட்ட சொந்த சின்னம், சுருக்கமா ஆர்ம்ஸ்) பதிவு பண்ணி வெச்சிருக்கவருக்கு ஒண்ணு, மத்த எல்லாருக்கும் சைபர். ஃப்ரெண்டு கல்யாணத்துக்கு கில்ட் (ஆம்பளைங்க கட்டுற ஸ்காட்டிஷ் பாவாடை) வாடகைக்கு எடுக்குற நீங்களும் நானும் அந்த சைபர்லதான் வர்றோம்.

இது தெரியாம நான் எடின்பரோல ஒரு சுவனிர் கடையில நீட்டமா ஒரு இறகு வெச்ச தொப்பி வாங்கி, அதையும் போட்டுக்கிட்டு ஹைலேண்ட் கேம்ஸ்னு சொல்ற ஸ்காட்டிஷ் பாரம்பரிய விளையாட்டு விழா ஒண்ணுக்கு போயிட்டேன். வயசான ஒருத்தர் கிட்ட வந்து, ரொம்ப மரியாதையா, எந்த வருஷம் மெட்ரிக்குலேட் பண்ணீங்கன்னு கேட்டார். நான் ஸ்கூல் முடிச்ச வருஷத்த சொன்னேன். மனுஷன் சிரிக்கவே இல்ல, அதான் இன்னும் கொடுமை. அவர் கேட்டது என்னன்னு கீழ வரும்.

இறக விட முதல்ல பேட்ஜ பாக்க கத்துக்கங்க, ஏன்னா ஆள் யாருன்னு அதுலதான் இருக்கு. போனட்னு சொல்ற அந்த தொப்பியோட இடது பக்கம் ஒரு மெட்டல் பேட்ஜ் இருக்கும், நடுவுல ஒரு உருவம், சுத்தி ஒரு வாசகம். அந்த உருவத்துக்கு பேரு கிரெஸ்ட், வாசகம் மோட்டோ. மக்லவுடுன்னா காளை தலை, மோட்டோ "ஹோல்ட் ஃபாஸ்ட்", அதாவது விடாம புடி. மெக்கின்டோஷுக்கு ஒரு பூனை, கையுறை இல்லாம பூனைய தொடாதேன்னு எச்சரிக்கை (எனக்கு ரொம்ப புடிச்சது இதுதான்). கேம்ப்பெல்லுக்கு காட்டுப்பன்னி தலை, மறந்துடாதேன்னு லத்தீன்ல எழுதியிருக்கும். இப்ப அந்த வாசகம் எதுல எழுதியிருக்குன்னு பாருங்க. ஒரு பெல்ட்ட வளைச்சு பக்கிள் மாட்டின மாதிரி இருந்தா அவர் கிளானோட சாதாரண உறுப்பினர். பெல்ட் இல்லாம வெறும் வட்டமா இருந்தா அது அவரோட சொந்த கிரெஸ்ட், ஒண்ணு சீஃபா இருப்பார், இல்ல சீஃப்டனாவோ ஆர்ம்ஸ் வெச்சிருக்கவராவோ இருப்பார், பின்னாடி இறக எண்ணினா தெரிஞ்சிடும். சில சீஃபுங்க நெஜ இறகுக்கு பதிலா வட்டத்துக்கு பின்னாடியே மூணு குட்டி வெள்ளி இறகு வெச்சிருப்பாங்க, அதுவும் அதே கணக்குதான்.

அது ஏன் பெல்ட்டுன்னா, பெல்ட் போட்ட பேட்ஜ்ல நடுவுல இருக்குற கிரெஸ்ட் உங்களோடது இல்ல, சீஃபோடது. நான் இவரோட ஆளுன்னு காட்டுறதுக்காக அவர் அடையாளத்த நீங்க மாட்டிக்கிறீங்க, அவ்வளவுதான். அதனால பெல்ட் பேட்ஜ எங்க குடும்ப சின்னம்னு சொல்லிக்கிறது தப்பு, ஆனா வாங்கி மாட்டுறதுல தப்பே இல்ல. எந்த கடையிலயும் கிடைக்கும், யார்கிட்டயும் பர்மிஷன் கேக்க வேணாம், அந்த கிளானோட பேரோ அதுகூட சேர்ந்த செப்ட்னு சொல்ற துணைப்பேரோ உங்களுக்கு இருந்தா, இல்ல அந்த சீஃப உங்க தலைவரா ஏத்துக்கிட்டா போதும். எந்த சம்பந்தமும் இல்லன்னா வெறும் போனட் போட்டுக்கங்க, இல்ல திசில் பூ போட்ட பேட்ஜ் ஒண்ணு மாட்டுங்க, யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க. கட்டம் போட்ட டார்ட்டன் துணியும் அப்படித்தான், பெரும்பாலான டார்ட்டன யார் போட்டாலும் தடுக்க சட்டம் கிடையாது.

இறகு குத்த முடியலன்னு வருத்தமா இருந்தா செடி வெச்சுக்கலாம். ஒவ்வொரு கிளானுக்கும் ஒரு செடி உண்டு, பேட்ஜுக்கு பின்னாடி ஒரு சின்ன கொப்பு சொருகிக்கணும். மெக்டொனால்டுக்கு ஹெதர், மெக்கென்சிக்கு ஹாலி, மக்லவுடுக்கு ஜூனிபர், மெக்கிரேகருக்கு பைன். இதுக்கு பதவியெல்லாம் தேவையில்ல, யார் வேணா வெக்கலாம், பார்க்கவும் நல்லாருக்கும், என்னக் கேட்டா இறக விட இதுதான் அழகு. ஹாலி மட்டும் காதுகிட்ட குத்தும்.

சரி, அந்த ஒத்த இறகு வேணும்னா என்ன பண்ணணும்? கோட் ஆஃப் ஆர்ம்ஸ் வாங்கணும். இங்கதான் நெறைய பேர் ஏமாறுறாங்க. உங்க குடும்ப சின்னம்னு சொல்லி பேர் அடிச்ச மரப்பலகை, கப்பு, கீ செயின்லாம் விக்கிறாங்கல்ல, ஸ்காட்லாந்துல குடும்ப சின்னம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. ஆர்ம்ஸ் ஒரே ஒரு ஆளுக்கு சொந்தம், வீட்டு பத்திரம் மாதிரி. அந்த பலகையில இருக்குறது பெரும்பாலும் சீஃபோட சொத்து, சுவத்துல சும்மா அலங்காரத்துக்கு மாட்டலாம், அதையே மோதிரத்துல செதுக்கி, லெட்டர்ஹெட்ல அடிச்சு என்னுதுன்னு சொன்னா அடுத்தவங்க சொத்த எடுத்த மாதிரி.

இத பாத்துக்கறவர் லார்ட் லயன் கிங் ஆஃப் ஆர்ம்ஸ். பேரு கதையில வர்ற மாதிரி இருந்தாலும் இவர் நெஜமான நீதிபதி, எடின்பரோல பிரின்சஸ் ஸ்ட்ரீட்டோட கிழக்கு முனைகிட்ட நியூ ரெஜிஸ்டர் ஹவுஸ்ல அவருக்குன்னு தனி கோர்ட்டு, தனி அரசு வக்கீல் எல்லாம் உண்டு. 1672ல போட்ட சட்டப்படி ஸ்காட்லாந்துல எல்லா ஆர்ம்ஸும் ஒரே பதிவேட்டுல இருக்கணும், பதிவு பண்ணாம உபயோகிச்சா குற்றம். பழைய ஏட்டு சட்டம்னு நெனச்சுடாதீங்க. ஏர் யுனைடெட் ஃபுட்பால் கிளப் பல வருஷமா போட்டுக்கிட்டிருந்த பேட்ஜயே இதனால மாத்த வேண்டியதாச்சு. அபர்டீன்ஷைர்ல டிரம்ப் கட்டின கோல்ஃப் மைதானத்துக்கும் மொதல்ல பதிவு பண்ணாத சின்னத்த போட்டு பிரச்சனை ஆகி, அப்புறம் 2012ல முறைப்படி வாங்கினாங்க.

வாங்குற வழி சிம்பிள்தான், ஆனா காசும் பொறுமையும் வேணும். லார்ட் லயனுக்கு மனு போடணும், நீங்க யாரு, எங்க பொறந்தீங்க, அப்பா அம்மா யாருன்னு ஆதாரத்தோட. அவங்க ஆளுங்க உங்ககூட பேசி டிசைன் பண்ணுவாங்க, ஏற்கனவே இருக்குற எதுகூடவும் மோதாம. கடைசியில கையால வரைஞ்ச பத்திரம் வரும். நல்லொழுக்கமும் தகுதியும் உள்ளவங்களுக்கு குடுக்கலாம்னுதான் அந்த சட்டத்துல இருக்கு, அதனால ஸ்காட்லாந்துலயே செட்டில் ஆனவங்க யார் வேணா கேக்கலாம், தாத்தா ஹைலேண்டரா இருக்கணும்னு இல்ல. அங்க செட்டில் ஆன நம்மாளுங்களும் தாராளமா மனு போடலாம். கனடால இருந்தா அங்க 1988ல இருந்து தனி அமைப்பே இருக்கு.

இப்ப அந்த மெட்ரிக்குலேட். அப்பா ஆர்ம்ஸ் வாங்கினா அது அப்படியே மூத்த வாரிசுக்கு போயிடும், மத்த புள்ளைங்க அதே படத்த போட்டுக்க முடியாது. அவங்களும் லயன்கிட்ட போயி, ஷீல்டுக்கு ஒரு பார்டர் சேர்க்கறது மாதிரி ஏதாவது ஒரு வித்தியாசத்தோட தன் பேர்ல பதிவு பண்ணணும், அந்த பதிவுக்குத்தான் மெட்ரிக்குலேஷன்னு பேரு. பெரியவர் கேட்டது அதத்தான். இது பண்ணாத தம்பிக்கு அப்பா பேர சொல்லி ஒத்த இறகு கூட கிடையாது. விவரம் தெரிஞ்சவங்க ஒரு ஷீல்ட பாத்தாலே இவர் எந்த வீட்டுல எந்த கிளைன்னு சொல்லிடுவாங்க.

இறகுக்கு வருவோம். முறைப்படி அது கோல்டன் ஈகிளோட இறகு, பேட்ஜுக்கு பின்னாடி நிமிந்து நிக்கணும். ஆனா அந்த கழுகு பிரிட்டனோட 1981 வனவிலங்கு சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவை, இறகு உங்க கையில இருந்தா அது நேர்வழியில வந்துச்சுன்னு நீங்கதான் காட்டணும். அமெரிக்கால இன்னும் கடுமை, கழுகு இறகு வெச்சிருந்தாலே மாட்டுவீங்க, பூர்வகுடிகளுக்கு மட்டும் பர்மிட்டோட விலக்கு. அதனால அங்க கேம்ஸுக்கு வர்ற சீஃபுங்களே வான்கோழி இறகுக்கோ வெள்ளிக்கோ மாறிடுறாங்க. அப்புறம் மிலிட்டரிய வெச்சு குழம்பாதீங்க. பிளாக் வாட்ச்ங்கற ஸ்காட்டிஷ் ராணுவப் பிரிவோட சோல்ஜர் தொப்பியில இருக்குற செவப்பு குஞ்சம் அவங்க பிரிவோட அடையாளம், பைப் பேண்டுல சிலர் போடுற உயரமான கருப்பு தொப்பி நெருப்புக்கோழி இறகுல செஞ்சது, ரெண்டுக்கும் இந்த மூணு ரெண்டு ஒண்ணு கணக்குக்கும் சம்பந்தமே இல்ல. கேம்ஸுக்கு சீஃப்டன்னு ஒருத்தர அறிவிப்பாங்க, அது அந்த விழாவுக்கு குடுக்குற கௌரவ பட்டம், கிளான் சீஃப்டன் வேற.

மூணு இறகு வெச்சவர் எதிர்ல வந்துட்டா மிஸ்டர் போட்டு கூப்புடாதீங்க. சீஃபுங்கள நிலத்து பேராலயோ கிளான் பேராலயோ கூப்புடுறதுதான் மரியாதை. கேமரன் கிளான் சீஃப் வெறும் "லோக்கீல்", மக்லவுடு சீஃப் வெறும் "மக்லவுடு". நமக்கு பெரியவங்கள பேர் சொல்லி கூப்புட்டா வாய் கூசும், ஆனா அங்க அதுதான் உயர்ந்த மரியாதை, பயப்படாம சொல்லுங்க. சீஃபுன்னா ஆம்பளைதான்னும் நெனக்காதீங்க, டன்வேகன் கோட்டையில ஃப்ளோரா மக்லவுடுன்னு ஒரு அம்மா 1976ல இறக்குற வரைக்கும் மக்லவுடு கிளானுக்கு தலைவியா இருந்தாங்க.

கூட வர்ற பெண்கள் டார்ட்டன் சாஷ் (தோள்ல இருந்து குறுக்க போடுற நீளத் துணி) போடுறாங்கன்னா வலது தோள்ல போட்டு அங்கயே பின் குத்தச் சொல்லுங்க. இடது தோள் சீஃபுங்களோட மனைவிக்கும் ரெஜிமென்ட் கர்னல்களோட மனைவிக்கும்னு வழக்கம். புடவை முந்தானை பழக்கத்துல கை தானா இடது தோளுக்குதான் போகும், என் வீட்டுல மூணு தடவ மாத்தி குத்தினோம்.

நான் வாங்கின அந்த இறகு கோழி இறகுதான்னு அப்புறம் தெரிஞ்சுது, சாயம் போட்டிருக்காங்க. மழையில நனைஞ்சு தொப்பியெல்லாம் பழுப்பா ஆயிடுச்சு.