பைபர் படகில் பிரிந்த படையை (அடுக்கை) வெப்பக் கமராவால் பிடிப்பது

குருநகரிலோ மயிலிட்டியிலோ கரையில் ஏற்றிக் கிடக்கும் பைபர் படகொன்றில் வெளியே ஒரு கீறலும் தெரியாது. உள்ளே மேட் என்னும் கண்ணாடி நார்ப் பாயின் படைகள் பிரிந்து, இடையில் காற்றோ உப்புத் தண்ணியோ நிற்கும். வெப்பக் கமரா அதை நேரே பார்ப்பதில்லை. மேற்பரப்பின் சூட்டை மட்டுந்தான் பார்க்கும். ஆகவே நாம் சூடு கொடுத்துவிட்டு, அது உள்ளே இறங்கும் வழியில் எங்கே மறிபடுகிறது என்று பார்க்க வேண்டும்.

கமரா 320×240 புள்ளி இருந்தால் நல்லது. கைத்தொலைபேசியில் செருகும் 160×120 கமராவும் பெரிய பிரிவுகளைக் காட்டும். 0.05 பாகை வித்தியாசத்தை உணர வேண்டும். செக்கனுக்கு 9 படம் போதும், பைபரில் சூடு ஆமை வேகத்தில்தான் நகரும். சூட்டுக்கு 500 வாற்று ஹலஜன் விளக்கு இரண்டு.

முதலில் ஒரு மாதிரிப் பலகை செய்யுங்கள். சதுர மீற்றருக்கு 450 கிராம் மேட் ஆறு படை போட்டால் ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் வரும். பின்பக்கத்தால் 10, 20, 40 மில்லிமீற்றர் அகலத்தில் தட்டையான அடியுடன் குழிகள் வெட்டுங்கள். முன்பக்கத் தோல் 1, 2, 4 மில்லிமீற்றர் மிஞ்சட்டும். இதில் தெரியாத குறை படகிலும் தெரியாது. குறையின் அகலம் ஆழத்தைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும்.

படகை நல்ல தண்ணியால் கழுவி, நிழலில் முழுதாகக் காயவிடுங்கள். சோளகம் அடிக்கும் வெளியில் வேலை செய்யாதீர்கள். காற்று மேற்பரப்பைக் குளிர்த்திப் படத்தைக் கெடுக்கும். அடுத்த தொல்லை நிறம். நீலக் கோடும் பதிவு இலக்கமும் வெள்ளையைவிடக் கூடச் சூட்டை வாங்கும். கமராவில் அப்படியே குறைபோலத் தெரியும். ஜெல்கோட் என்னும் பளபளப்பான மேற்பூச்சிலோ உங்கள் முகமே தெறிக்கும். இரண்டுக்கும் ஒரே மருந்து: கழுவினால் போகும் மங்கல் கறுப்பு நிறத்தை மெல்லியதாக ஒருமுறை பூசுங்கள்.

அரை மீற்றர்ச் சதுரமாகப் பிரித்து, விளக்குகளை 60 சென்ரிமீற்றர் தூரத்தில் சரிவாக வைத்து 30 செக்கன் சூடாக்குங்கள். 8 பாகை ஏறினால் போதும். 60 பாகையைத் தாண்டவிட்டால் மேட்டை ஒட்டிப்பிடிக்கும் ரெசின் இளகத் தொடங்கலாம். அணைத்தவுடன் விளக்கை அப்பால் திருப்புங்கள், அதன் சூடான கூடே படத்தில் பிரதிபலிக்கும். கமராவில் எமிசிவிட்டி (மேற்பரப்பு சூட்டைக் கதிராக வீசும் அளவு) 0.95, தானாக மாறும் நிற அளவை நிறுத்தி 4 பாகைக்குள் பூட்டிவிடுங்கள். பிறகு மூன்று நிமிடம் விடாமல் பதியுங்கள்.

இந்த மூன்று நிமிடந்தான் முழு வேலையும். 1 மில்லிமீற்றர் ஆழத்துப் பிரிவு 7 செக்கன் அளவில் சூடான திட்டாக எழும்பும். 2 மில்லிமீற்றர் என்றால் அரை நிமிடம், 3 என்றால் ஒரு நிமிடம், 5 என்றால் மூன்று நிமிடத்துக்குக் கிட்ட. ஆழம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு, திட்டும் மங்கும். காற்று நிற்கும் இடம் சூடாகத் தெரியும். தண்ணி நின்றால் முதலில் குளிர்ந்து தெரியும். நேரான குளிர்க் கோடு பெரும்பாலும் உள்ளே ஒட்டிய விலாச்சட்டம், அதைத் தோண்டிவிடாதீர்கள். ஒன்றையொன்று தொட்டபடியே ஒட்டாமல் கிடக்கும் படைகளை இந்த முறை காட்டாது.

எஞ்சின் பூட்டும் பின்பலகையில் உள்ளே தடித்த பிளைவூட் இருப்பதால் விளக்குச் சூடு எட்டாது. பகல் வெயில் முழுக்க ஒரே அளவாகக் காயவிட்டு, பொழுதுபட்டு ஒரு மணி நேரத்தின்பின் பாருங்கள். தண்ணி குடித்த பலகை மற்ற இடம் ஆறினபிறகும் சூடாகவே நிற்கும்.

திட்டின் விளிம்பைச் சோக்கால் கீறி, நாணயத்தால் தட்டுங்கள். நல்ல இடம் ‘ணங்’ என்னும், பிரிந்த இடம் ‘தொப்’ என்று செத்துப்போகும். படமும் சத்தமும் ஒத்துப்போனால் நடுவில் 3 மில்லிமீற்றர்த் துளை போடுங்கள். வினாகிரி மணத்துடன் நீர் கசிந்தால் ரெசினே அழியத் தொடங்கிவிட்டது. அந்த இடத்தை மேலால் பூசி மூடாமல் வெட்டித் திறந்து காயவைக்க வேண்டும்.