சரத் ருது: பொருள் கொள்வதில் நேரும் பிழைகள்

ஹிந்தி பாடத்தில் 'ஷரத் ருது' என்று வந்தால் பலரும் யோசிக்காமல் 'குளிர்காலம்' என்று எழுதிவிடுகிறார்கள். ஹிந்தியில் குளிருக்கு 'சர்தீ' என்று பெயர். ஓசை ஒத்துப்போவதால் வரும் வினை இது. சர்தீ பாரசீகத்திலிருந்து வந்தது. அங்கே 'சர்த்' என்றால் குளிர்ந்தது. சரத் சம்ஸ்கிருதச் சொல். ஆண்டின் ஆறு ருதுக்களில், அதாவது பருவங்களில், மழைக்காலமான வர்ஷாவுக்கு அடுத்தது அதுதான்: ஆசுவினம், கார்த்திகம் ஆகிய இரண்டு மாதங்கள், அதாவது ஏறக்குறைய செப்டம்பர் பிற்பாதியிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை. குளிர் அதற்கப்புறம், ஹேமந்தத்திலும் சிசிரத்திலும்தான் வரும்.

இன்னும் பெரிய பிழை 'இலையுதிர் காலம்'. அகராதிகளிலேயே இப்படித்தான் இருக்கிறது. ஐரோப்பாவில் அந்த மாதங்களில் இலை உதிரும், சரி. கங்கைச் சமவெளியில் அரசும் பலாசும் இலை உதிர்ப்பது பிப்ரவரி, மார்ச்சில். அதற்கு ஹிந்தியில் 'பத்ஜட்' என்று தனிச்சொல்லே இருக்கிறது. சரத்தில் அங்கே உதிர்வு எதுவும் இல்லை. மழை ஓய்ந்து வானம் கழுவி விட்டாற்போல் இருக்கும். கலங்கி ஓடிய ஆறு தெளியும். கரையெங்கும் நாணல் வகையான காசப் புல் வெள்ளை வெளேரென்று பூக்கும். வங்காளத்தில் அந்தப் பூவைப் பார்த்தாலே துர்கா பூஜை வந்துவிட்டது என்பார்கள்.

துளசிதாசரின் ராமசரிதமானஸில், கிஷ்கிந்தா காண்டத்தில், ராமர் லட்சுமணனிடம் இதைத்தான் காட்டுகிறார். மழைக்காலம் போய்விட்டது, பூமியை மூடிக்கிடக்கும் காசப்பூவைப் பார், மழைக்காலம் தன் முதுமையை வெளிக்காட்டியது போலிருக்கிறது என்கிறார். அகத்திய நட்சத்திரம் உதித்து வழியில் கிடந்த நீரை வற்றவைத்தது, போதும் என்ற மனம் பேராசையை வற்றவைப்பது போல என்றும் சொல்கிறார். இங்கே வழி காய்வதுதான் முக்கியம். மழை முடியட்டும் என்றுதான் சீதையைத் தேடும் வேலை நின்றிருக்கிறது. சரத் வந்துவிட்டால் சுக்ரீவன் இனி சாக்குச் சொல்ல முடியாது. இதை 'இலையுதிர் காலம் வந்தது' என்று மொழிபெயர்த்தால் ராமரின் அவசரம் வாசகருக்கு எப்படிப் புரியும்? சோர்வும் வாட்டமுமாக ஒரு படம் மனதில் விழுந்து, கதையின் முடிச்சே கைவிட்டுப் போகிறது.

தமிழ் வாசகர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று தனியாக இருக்கிறது. நம் பஞ்சாங்கத்தில் ஐப்பசியும் கார்த்திகையும் சரத் ருது. பழந்தமிழ்ப் பகுப்பில் அதே இரண்டு மாதங்கள் கூதிர். அதனால் சரத்துக்குக் கூதிர் என்று போட்டுவிடத் தோன்றும். மாதம் பொருந்தும், வானிலை பொருந்தாது. ஐப்பசியில் இங்கே வடகிழக்குப் பருவமழை கொட்டும். கூதிர் என்றால் ஈரமும் வாடையும். சரத் என்றால் மேகமில்லாத வானம், அதில் நிலவு. ஆசுவினப் பௌர்ணமியான சரத் பூர்ணிமா அன்று வடக்கே பால் பாயசத்தை இரவு முழுக்க நிலா வெளிச்சத்தில் வைத்திருந்து காலையில் சாப்பிடுகிறார்கள். அடைமழையில் அதற்கு வழியேது?

'சரதஶ் ஶதம்' என்று மந்திரத்தில் வருவதைப் பருவமாகவே எடுத்துக்கொள்வதும் உண்டு. ரிக்வேதத்தில் 'பஶ்யேம ஶரதஃ ஶதம், ஜீவேம ஶரதஃ ஶதம்' என்று இருக்கிறது. யஜுர்வேதிகள் மாத்யாஹ்னிகம் என்ற நண்பகல் வழிபாட்டில் சூரியனைப் பார்த்துச் சொல்வதும் இதுவே. நூறு ஆண்டு காண்போம், நூறு ஆண்டு வாழ்வோம் என்று பொருள். ஒரு பருவத்தின் பெயரே முழு ஆண்டைக் குறிப்பது சம்ஸ்கிருதத்தில் சகஜம். மழையைச் சொல்லும் வர்ஷம்தான் நம் வாயில் வருஷம் ஆனது. பழைய ஈரானிய மொழிகளான அவெஸ்தாவிலும் பழைய பாரசீகத்திலும் சரத்தின் உறவுச் சொற்களுக்கு ஆண்டு என்றே பொருள். அந்தப் பாரசீக வழியில் வந்த 'சால்' என்ற சொல்லைத்தான் ஹிந்தியில் வயது சொல்லும்போது புழங்குகிறார்கள்.

சொல்லின் வேரைப் பற்றி பழங்கால அறிஞர் யாஸ்கர், வேதச் சொற்களுக்கு விளக்கம் சொல்லும் தன் நிருக்தத்தில் இரண்டு விளக்கம் தருகிறார்: பயிர்கள் முதிரும் காலம், அல்லது நீர் வற்றும் காலம். இப்படிப்பட்ட பழைய விளக்கங்களை அன்றைய ஆட்கள் அந்தப் பருவத்தை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்குச் சான்றாக வைத்துக்கொள்ளலாம். சொல் பிறந்த வரலாறாகவே எடுத்துக்கொள்வது சரியல்ல. அதற்கு மேலே சொன்ன உறவு மொழிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பெயர்களில் வரும் குழப்பம் சின்னதுதான். முதல் எழுத்து 'ஶ', எனவே ஷரத்தைவிடச் சரத் மூலத்துக்கு நெருக்கம். சாரதா என்ற பெயர் சரத்திலிருந்து வந்தது. பார்த்தசாரதியின் சாரதி ரதத்தோடு சேர்ந்த வேறு சொல், இரண்டுக்கும் உறவில்லை.