ஓபிஎன்சென்ஸ்: முதல் வேலை, கேமராவைக் கட்டிப்போடுவது

கடைகளுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. ஃபயர்வால், அதாவது இணையத்துக்கும் உள் நெட்வொர்க்குக்கும் நடுவே நின்று எது போகலாம், எது வரலாம் என்று தீர்மானிக்கும் காவல், கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் பெட்டி எதுவும் வாங்காதீர்கள், ஓபிஎன்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருளைப் போட்டுப் பழகுங்கள் என்பேன். ஓரமாகக் கிடக்கும் 64 பிட் டெஸ்க்டாப் போதும், நெட்வொர்க் போர்ட் மட்டும் இரண்டு வேண்டும்: இணையத்துக்கு வேன், உள்ளே லேன். கார்டு வாங்கினால் இன்டெல் சிப் பார்த்து வாங்குங்கள். ஓபிஎன்சென்ஸ் 2015இல் பிஎஃப்சென்ஸ் என்ற இன்னொரு ஃபயர்வால் மென்பொருளிலிருந்து பிரிந்தது, ஓடுவது ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் மேல். சில ரியல்டெக் சிப்புகள் அதில் மக்கர் பண்ணும்.

ஓபிஎன்சென்ஸ் நிறுவல் கோப்பை (இமேஜ்) பென்டிரைவில் எழுதி பூட் செய்து, இன்ஸ்டாலர் என்ற பயனர் பெயரில் நுழைந்தால் நிறுவல் தொடங்கும். கடவுச்சொல் ஓபிஎன்சென்ஸ். முடிந்ததும் அதை மாற்றிவிடுங்கள். ஓபிஎன்சென்ஸின் லேன் முகவரி முதலில் 192.168.1.1. இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டரும் அதே என்றால் மோதும், லேனை 192.168.50.1 ஆக்குங்கள்.

இனிதான் விஷயம். வேன் பக்கம் வெளியிலிருந்து வருவதெல்லாம் ஏற்கெனவே அடைப்பு. லேன் பக்கமோ எல்லாம் திறப்பு. கேமரா படங்களைப் பதியும் பெட்டியான டிவிஆர், இணையத்தில் எங்கெங்கோ பேசிக்கொண்டிருக்கும். அதைத்தான் அடைக்கப்போகிறோம். அதற்கு நிலையான ஐபி கொடுத்து, ஃபயர்வால் மெனுவில் லேன் ரூல்ஸுக்குப் போங்கள். புதியவர்கள் இந்த ரூலை வேனில் போடுவார்கள், பலிக்காது. தரவுத் துண்டு (பாக்கெட்) எந்த வாசலில் நுழைகிறதோ அங்கேதான் ரூல். சோர்ஸ் (கிளம்பும் இடம்) டிவிஆர், டெஸ்டினேஷன் (போகும் இடம்) எனி, அதாவது எதுவானாலும், ஆக்‌ஷன் பிளாக். இது 'எல்லாம் போகலாம்' என்ற ரூலுக்கு மேலே இருக்க வேண்டும். மேலிருந்து கீழே பார்த்து, முதலில் பொருந்துவதே செல்லும். இதற்கும் மேலே, டிவிஆரிலிருந்து ஃபயர்வாலுக்கு நேரம் கேட்கும் யுடிபி 123 போர்ட்டை மட்டும் விடுங்கள். டிவிஆரில் நேர சர்வராக 192.168.50.1 கொடுங்கள். இல்லையென்றால் பதிவில் நேரம் தப்பிப்போகும்.

அப்ளை கொடுத்த பிறகும் டிவிஆர் வெளியே பேசினால் பதறாதீர்கள். நடப்பு இணைப்புகளை ஃபயர்வால் குறித்துவைக்கும் ஸ்டேட் டேபிளில் பழைய இணைப்பு உயிரோடு இருக்கும். டயக்னாஸ்டிக்ஸில் ஸ்டேட்ஸை ரீசெட் செய்யுங்கள். ரூலில் லாக் டிக் செய்திருந்தால் ஃபயர்வால் லாக்கின் லைவ் வியூவில் அடைபட்டவை சிவப்பாக ஓடும். கடைக்குள் கேமரா பார்ப்பது கெடாது, அது சுவிட்ச் வழியாகவே போய்விடும்.

வீட்டிலிருந்து பார்க்க, வெளியிலிருந்து டிவிஆருக்கு நேரே வழி திறக்கும் போர்ட் ஃபார்வர்டு வேண்டாம், வயர்கார்ட் என்ற விபிஎன் (மறையாக்கம் செய்த தனி வழி) போடுங்கள். பொது ஐபி, அதாவது வெளியிலிருந்து நேரே எட்டக்கூடிய முகவரி, தராத இணைப்பில் அது எடுக்காது. முதலில் இணைய நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், எதைத் தொடுவதற்கு முன்பும் பேக்கப்ஸில் போய், அமைப்புகள் எல்லாம் உள்ள எக்ஸ்எம்எல் கோப்பை இறக்கி வையுங்கள். ஜனவரியிலும் ஜூலையிலும் ஓபிஎன்சென்ஸின் பெரிய பதிப்பு வரும். நான் அதைக் கடை மூடிய பிறகுதான் போடுவேன்.