புயல் பாதையைப் பின்தொடரும்போது செய்யக் கூடாத தவறுகள்

கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகியிருக்கிறது என்று செய்தி வந்ததுமே எல்லாரும் கேட்பது, "எங்கே கரையைக் கடக்கும்?" என்பதுதான். அந்த நேரத்தில் அதற்கு உறுதியான பதில் யாரிடமும் இருக்காது. பதில் கிடைக்காத அந்த மூன்று நான்கு நாட்களில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள்.

முதல் தவறு, மையமே உருவாகாத ஒன்றுக்குப் பாதை கேட்பது. தாழ்வுப் பகுதி என்பது பல நூறு கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கும் மேகமும் தளர்வான ஒரு சுழற்சியும், அவ்வளவுதான். மாடல்கள், அதாவது வானிலையைக் கணிக்கும் கணினி நிரல்கள், ஏதோ ஒரு புள்ளியை மையமாக வைத்துக் கணக்கைத் தொடங்குகின்றன. மறுநாள் உண்மையான மையம் அதிலிருந்து 100 கிலோமீட்டர் தள்ளி அமைந்துவிட்டால் (இது அடிக்கடி நடக்கும்) முந்தின நாள் பாதை எதற்கும் உதவாது. புயல் தானாக நகர்வதில்லை, சுற்றியிருக்கும் காற்றோட்டம் அதை இழுத்துப்போகிறது. உயர் அழுத்தப் பகுதியின் தெற்கு ஓரமாக இருந்தால் அது புயலை மேற்கே தள்ளும், கொஞ்சம் விலகி இரண்டு உயர் அழுத்தங்களுக்கு நடுவே இடைவெளி கிடைத்தால் அந்த வழியாகத் திரும்பிவிடும். தொடக்கத்தில் இருக்கும் சின்ன வித்தியாசம் கடைசியில் வேறு மாநிலம், சில சமயம் வேறு நாடு என்று முடிகிறது.

செயற்கைக்கோள் படத்தில் வெள்ளைவெளேரென்று தெரியும் மேகத் திரளின் நடுவைத்தான் மையம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். வளர்ந்துவரும் புயலில் அது பெரும்பாலும் தப்பு. மேலடுக்கில் காற்று பலமாக அடித்தால் மேகத்தை மொத்தமாக ஒரு பக்கம் தள்ளிவிடும். பகல் நேரப் படத்தை உற்றுப் பாருங்கள், மேகத்தின் ஓரத்திலோ அதற்கு வெளியிலோ மெல்லிய, தாழ்வான மேகக் கோடுகள் வளைந்து சுழல்வது தெரியும், மையம் அங்கேதான் இருக்கிறது. இரவில் அகச்சிவப்புப் படத்தில் அந்தச் சுழல் சரியாகத் தெரியாது, அதனால் ராத்திரி முழுக்க மேகத்தைப் பார்த்து "வடக்கே போகிறது" என்று சொல்லிவிட்டு விடிந்ததும் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்புறம், ஒரே ஒரு மாடலின் ஒரே ஒரு படத்தைப் பகிர்வது. அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாடல் ஒரு நாளைக்கு நான்கு முறை ஓடுகிறது, ஒவ்வொரு முறையும் 16 நாட்களுக்குப் படம் போடுகிறது. பத்தாவது நாளில் பயங்கரமான சிவப்புச் சுழல் ஒன்று தெரிந்தால் அதை எடுத்து எல்லாருக்கும் அனுப்பிவிடுகிறார்கள், ஆறு மணி நேரம் கழித்து வரும் அடுத்த படத்தில் அந்தச் சுழலே இருக்காது. இப்படிப் பகிர்வதை தயவுசெய்து நிறுத்துங்கள். பார்க்க வேண்டியது தொகுப்புக் கணிப்புகளை. ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையம் தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி 51 முறை கணக்கிடுகிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு பாதைக் கோடு கிடைக்கும். கோடுகள் நெருக்கமாக, நாளுக்கு நாள் ஒரே பக்கமாக இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தால் நடுவில் போடப்படும் சராசரிக் கோட்டை நம்பவே வேண்டாம், அந்த 51-ல் ஒன்றுகூட அந்த வழியில் போகாமல் இருக்கலாம்.

புயலின் கணிக்கப்பட்ட பாதையைச் சுற்றி, போகப் போக விரியும்படி வரையும் கூம்பு வரைபடம்தான் எல்லாவற்றையும்விட அதிகமாகத் தப்பாகப் படிக்கப்படுகிறது. விரிந்துகொண்டே போகும் கூம்பைப் பார்த்துப் புயலே பெரிதாகிக்கொண்டு வருவதாக நினைக்கிறார்கள். கூம்புக்கு வெளியே இருந்தால் பயமில்லை என்றும் நினைக்கிறார்கள். இரண்டுமே தவறு. அமெரிக்க தேசிய சூறாவளி மையத்தின் கூம்பு, மையம் எங்கே இருக்கலாம் என்பதை மட்டும் காட்டுகிறது. முந்தைய ஐந்து ஆண்டுகளின் கணிப்புப் பிழைகளில் மூன்றில் இரண்டு பங்கு உள்ளே அடங்கும்படி அதை வரைகிறார்கள், அதாவது மையமே வெளியே போக மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. 2024-ல் அட்லாண்டிக்குக்குக் கூம்பின் ஆரம் 24 மணி நேரத்தில் சுமார் 75 கி.மீ., ஐந்தாம் நாளில் சுமார் 400 கி.மீ. அந்தப் பருவத்தின் எல்லாப் புயல்களுக்கும் இதே அளவுதான், எனவே இந்தப் புயல் எவ்வளவு குழப்பமானது என்பதைக் கூம்பு சொல்லாது. அதை வரைபடத்தோடு வெளியாகும் விளக்கக் குறிப்பில்தான் படிக்க வேண்டும், அதையோ யாரும் திறப்பதே இல்லை.

2004 ஆகஸ்ட் 13 அன்று சார்லி புயலின் கூம்பில் நடுக்கோடு ஃபுளோரிடாவின் டாம்பா பக்கம் போனது. புயல் முன்கூட்டியே திரும்பி, தெற்கே 100 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி பூண்டா கோர்டாவில் புகுந்தது. அந்த ஊர் கூம்புக்குள்தான் இருந்தது, எச்சரிக்கையும் இருந்தது, ஆனால் கோட்டை மட்டும் பார்த்தவர்களுக்கு அது டாம்பாவின் புயல். மிக்ஜாம் வேறு மாதிரி. 2023 டிசம்பர் 5 அன்று அது கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே. சென்னை மூழ்கியது அதற்கு முந்தைய இரண்டு நாட்களில், மையம் கடலிலேயே இருந்தபோது. "நமக்குக் கரையைக் கடக்காது" என்ற பேச்சுக்கு ஒரு அர்த்தமும் இல்லை என்று அன்றைக்கே தெரிந்துபோனது.

பலத்தைக் கணிப்பது பாதையைக் கணிப்பதைவிடக் கடினம். 2023 அக்டோபர் 24 காலையில் சாதாரணப் புயலாக இருந்த ஓட்டிஸ், நள்ளிரவு தாண்டியதும் மிக உச்சமான 5-ம் வகைப் புயலாக மெக்சிகோவின் அகாபுல்கோவைத் தாக்கியது, முக்கிய மாடல்கள் எல்லாம் அதைத் தவறவிட்டிருந்தன. சரி, காற்றின் வேகத்தை ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். இந்திய வானிலைத் துறை 3 நிமிடச் சராசரியைச் சொல்கிறது, அமெரிக்கர்கள் 1 நிமிடம், ஜப்பானியர்கள் 10 நிமிடம். ஒரே புயலுக்கு மூன்று எண்கள் வந்தால் யாரோ மறைக்கிறார்கள் என்று அர்த்தமில்லை.

படத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரம், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். பழைய படமா என்றும் தேதியைப் பார்த்துவிடுங்கள்.

கரையைக் கடந்ததும் கண்காணிப்பதை விட்டுவிடாதீர்கள். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கடந்த ஃபெஞ்சல், அப்படியே பல மணி நேரம் நகராமல் நின்று மழையைக் கொட்டியது. பிறகு வலுவிழந்து உள்ளே போய்க்கொண்டிருந்தபோதுதான், கடலிலிருந்து வெகு தூரத்தில் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை பெய்தது.