தளங்களை முடக்குவதற்கு முன் காரணத்தைக் கண்டறிவது எப்படி?

பணி நேரத்தில் ஊழியர்கள் சமூக ஊடகங்களில் பொழுதைக் கழிப்பது தெரியவந்தால், பெரும்பாலான மேலாளர்கள் முதலில் அத்தளங்களை முடக்கச் சொல்கிறார்கள். கணினியில் திறந்திருந்த பக்கம் கைப்பேசிக்கு இடம் மாறுமே தவிர, அதைத் திறக்கத் தூண்டிய காரணம் அப்படியே இருக்கும்.

ஆகவே, யார் பார்க்கிறார் என்பதைவிட எப்போது பார்க்கிறார்கள் என்பதை முதலில் கவனியுங்கள். இணையப் பயன்பாட்டுப் பதிவுகளைப் பெயர் நீக்கி, மணிவாரியாகத் தொகுத்துத் தரும்படி தொழில்நுட்பப் பிரிவிடம் கேட்டாலே போதும். ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் இடைவெளிகளில் மட்டும் பயன்பாடு கூடினால், குறை வேலை வந்து சேரும் முறையில் இருக்கிறது. அந்த ஒப்புதலைத் தரவேண்டியவர் நீங்களாகவே இருக்கவும் கூடும். நாள் முழுவதும் பரவியிருந்தால், வேலை போதாமையையோ சலிப்பையோ சந்தேகிக்கலாம். கடினமான பணிக்குப் பின் சில நிமிடம் செய்தி படிப்பதை இளைப்பாறலாகக் கருதி விட்டுவிடுங்கள்.

பதிவுகளில் தென்படாத காரணம் மனக்குறை. நிறுவனம் தம்மை நியாயமாக நடத்தவில்லை என்று எண்ணும் ஊழியர்கள், தாம் கூடுதலாக உழைத்ததை மனத்துக்குள் வரவு வைத்துக்கொண்டு, இணையத்தில் கழிக்கும் நேரத்தை அந்த வரவுக்கு ஈடாகக் கருதி நியாயப்படுத்திக்கொள்வதைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் விவியன் லிம் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்காட்டினார். ஊழியரிடம் “ஏன் இணையம் பார்த்தீர்கள்?” என்று கேட்டால் மன்னிப்புதான் பதிலாக வரும். கடந்த மாதம் எத்தனை நாள் நேரம் கடந்து வேலை செய்தார், விடுமுறையில் எத்தனை அழைப்புகளை ஏற்றார், எந்த உழைப்பு கவனிக்கப்படவில்லை என்று நினைக்கிறார் என்பவற்றைத் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். இரவு பத்து மணிக்கு மின்னஞ்சலுக்குப் பதில் எதிர்பார்க்கும் நிறுவனம், பகலில் வீட்டு மின்கட்டணம் செலுத்துபவரைக் குற்றவாளியாக்குவது எனக்கு வேடிக்கையாகவே படுகிறது.

நிறுவனத் தகவலை வெளியே அனுப்புவதும் திருட்டு மென்பொருளைத் தரவிறக்குவதும் இந்தக் கணக்கில் சேராதவை. அவற்றுக்கு உடனடி நடவடிக்கைதான் வழி.

இதன் பிறகு விதிமுறையை எழுதுங்கள். “முறையற்ற பயன்பாடு கூடாது” என்ற ஒற்றை வரி யாருக்கும் எதையும் சொல்வதில்லை. எவை அனுமதிக்கப்பட்டவை, எந்தப் பதிவுகள் சேமிக்கப்படுகின்றன, அவற்றை யார் பார்ப்பார் என்பவை தெளிவாக இருக்க வேண்டும். ருமேனிய ஊழியர் ஒருவரின் செய்திகளை நிறுவனம் கண்காணித்த வழக்கில், 2017-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், கண்காணிப்பு குறித்து அவருக்கு முன்கூட்டியே அறிவிக்கப்பட்டதா என்பதை முக்கியமான கேள்வியாக எடுத்துக்கொண்டது. உங்கள் ஊழியர்களுக்கும் அந்த அறிவிப்பு கண்காணிப்பு தொடங்கும் முன்பே கிடைத்திருக்க வேண்டும்.