ரோடு பைக் வாங்கறதுக்கு முன்னாடி உங்க தெருவை ஒரு தடவை பாருங்க

ரோடு பைக்னா ஹேண்டில் பார் கிடா கொம்பு மாதிரி வளைஞ்சு, டயர் ஒல்லியா இருக்குமே, அந்த சைக்கிள். வீட்டுல "பைக் வாங்கப்போறேன்"னு சொன்னா பெட்ரோல் விக்கிற வெலைக்கான்னு கேப்பாங்க, அது தனிக்கதை.

நிறைய பேர் பண்ற தப்பு, கடைக்குப் போறதுக்கு முன்னாடியே மனசுக்குள்ள ஈசிஆர்ல, அதான் சென்னையிலேர்ந்து மகாபலிபுரம் போற கடற்கரை ரோட்டுல, ஓட்ட ஆரம்பிச்சிடறது. விடிகாலை அஞ்சு மணி, காலி ரோடு, முட்டுக்காடு பாலம், மகாபலிபுரத்துல போய் இட்லி, எல்லாம் சரி, ஆனா ஈசிஆர் வரைக்கும் எப்படிப் போவீங்க? எனக்கு மேடவாக்கம் பக்கம், சோழிங்கநல்லூர் தாண்டி அக்கரை போய் சேரணும், நடுவுல மெட்ரோ வேலைக்குத் தோண்டினது, மூடினது, மூடாதது எல்லாம் இருக்கு. 25 எம்எம் டயர்ல காத்து கம்மியா வச்சுக்கிட்டு அந்தப் பள்ளத்துல இறங்கினா ட்யூப் ரிம்முக்கு அடியில மாட்டி நசுங்கி, பாம்பு கடிச்ச மாதிரி பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஓட்டை விழும். முதல் மாசமே மூணு தடவை தள்ளிக்கிட்டு வந்தேன்.

பாதி தப்பு என்னுதுதான், காத்து அடிக்கல. ஒல்லி டயருக்கு நம்ம எடையைப் பொறுத்து 80, 90 பிஎஸ்ஐ மாதிரி வேணும், அதுவும் சும்மா நிக்கறப்பவே இறங்கிட்டிருக்கும், வாரத்துக்கு ரெண்டு தடவையாவது அடிக்கணும். பங்க்ல அடிச்சுக்கலாம்னு போனா அங்கதான் கூத்து. நிறைய ரோடு பைக்ல பிரெஸ்டா வால்வு இருக்கும், ஊசி மாதிரி ஒல்லியா, உச்சியில குட்டியா ஒரு திருகு. பங்க்ல இருந்தவர் குனிஞ்சு பாத்துட்டு "இது நம்ம மெஷின்ல ஏறாதுண்ணே"ன்னுட்டாரு. பித்தளையில குட்டி அடாப்டர் வாங்கினா ஏறும், ஆனா வீட்டுல மீட்டர் வச்ச ஃப்ளோர் பம்ப் ஒண்ணு இருக்கறதுதான் நிம்மதி.

அதனாலதான் சொல்றேன், கையில 35 ஆயிரம் இருந்தா 35 ஆயிரத்துக்கும் சைக்கிளையே வாங்கிடாதீங்க. ஹெல்மெட், பம்ப், முன்னாடி பின்னாடி லைட், ரெண்டு ட்யூப், பஞ்சர் கிட், பேட் வச்ச ஷார்ட்ஸ், பூட்டு, இதுக்கெல்லாம் தனியா எடுத்து வச்சிடணும். ஸ்டாண்ட், கேரியர், மட்கார்டு எதுவும் வராது, காய்கறி வாங்கிட்டு வரவும் இதுவே போதும்னு நெனச்சா ஹேண்டில் நேரா, டயர் கொஞ்சம் தடியா இருக்கற ஹைபிரிட் சைக்கிள் பக்கம் போயிடுங்க, அதுல ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்ல.

சைஸ் விஷயத்துல மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. நான் வாங்கின கடையில என் சைஸ் ஸ்டாக் இல்ல, ஒரு சைஸ் பெருசைக் காட்டி "சீட்டை எறக்கிக்கலாம் சார்"னாங்க, நானும் தலையாட்டிட்டேன். சீட்டு எறங்கும் சரி, ஹேண்டில் பார் கிட்ட வருமா? இருபது கிலோமீட்டர் தாண்டினா கழுத்துலேர்ந்து தோள் வரைக்கும் இழுத்துப் பிடிச்சுக்கும், சுண்டுவிரல் மரத்துப் போகும். ஹேண்டில் பாரைப் பிடிச்சிருக்கற ஸ்டெம்மைக் கொஞ்சம் சின்னதா மாத்தி ஓரளவு சமாளிச்சேன், அவ்வளவுதான். கம்பெனிக்குக் கம்பெனி சைஸ் மாறும், அதனால உக்காந்து ஓட்டிப் பாக்காம பணம் கட்டாதீங்க.

கியர்ல ஒரு வலை இருக்கு, ரொம்ப மலிவானதுல ஷிமானோ கம்பெனியோட அடிமட்ட கியர் செட்டான டூர்னி, 7 ஸ்பீடு வரும், "அப்புறமா அப்கிரேட் பண்ணிக்கலாம்"னு தோணும். ஆனா அதுல பெரும்பாலும் ஃப்ரீவீல் திருகி வச்ச பின் சக்கரம்தான் இருக்கும், அதுக்கு மேல இருக்கற 8 ஸ்பீடு கிளாரிஸுக்கோ 9 ஸ்பீடு சோராவுக்கோ போகணும்னா ஷிஃப்டர் (கியர் மாத்தற லீவர்), டிரெயிலியர் (செயினைப் பல்லுக்குப் பல் தள்ளற பாகம்), செயின், அதோட சக்கரமும் சேர்த்து மாத்தற மாதிரி வரும், கூட்டிப் பாத்தா முதல்லயே கிளாரிஸ் வச்சதை வாங்கியிருக்கலாம்னு தோணும். சமதரையில டூர்னி போதும், பொய் சொல்ல மாட்டேன். ஏலகிரி 14 வளைவும் ஏறணும்னு ஆசை இருந்தா பின்னாடி பெரிய பல்சக்கரத்துல எத்தனை பல்லுன்னு கேளுங்க, 28ஐ விட 32 இருந்தா முட்டி தப்பிக்கும். எடை ஒரு கிலோ கூடக் குறைய இருக்கறதெல்லாம் நம்ம தொப்பைக்கு முன்னாடி ஒரு கணக்கே இல்ல.

இன்னும் குழப்பமா இருந்தா செகண்ட் ஹேண்ட் பாருங்க. "ஆறு மாசம் ஆச்சு, 200 கிமீ கூட ஓட்டல"ன்னு போட்டு விக்கறவங்க நெறைய பேர், எல்லாரும் மனசுல ஈசிஆர் ஓட்டினவங்கதான். உங்க சைஸா இருந்தா, வெல்டிங் வச்ச இடத்துல கீறல் இருக்கான்னு விரலை வச்சுத் தடவிப் பாத்துட்டு, சக்கரத்தைத் தூக்கிச் சுத்திவிட்டு பிரேக் கட்டையில உரசுதான்னு பாருங்க, உரசலைன்னா அப்புறம் வெலை பேசலாம்.